தாரைத் தண்ணியிலை கழுவுப்பட்ட நிறம்

நான் கறுப்பு. பொதுநிறம் எண்டு சொல்லி என்னை ஆறுதல்படுத்த ஒருத்தரும் வரத் தேவையில்லை. எனக்குக் கலியாணம் பேச வந்த தரகர் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர், "பொதுநிறம், லட்சணமான முகம், அரசாங்க உத்தியோகம்" எண்டு. நான் அவரைக் கதிரையிலை இருக்க விட்டுப்போட்டுக் கேட்டனான், "ஐயா, பொதுநிறம் எண்டால் எந்த நிறம்? ஊருக்கெல்லாம் பொதுவோ?" மனிசன் வைச்ச தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போயிட்டார். அம்மா அண்டைக்கு முழுக்க என்னோடை கதைக்கேல்லை.

பருத்தித்துறையிலை பிறந்து வளந்து, அங்கையே ஒரு பள்ளிக்கூடத்திலை பௌதிகவியல் படிப்பிக்கிறன். ஒளி எண்ட பாடம் வந்தால் எனக்கு ஒரு தனிப் புழுகம், அப்பிடி ஒரு சந்தோசம். சூரியனை நானே கொழுத்தி விட்ட மாதிரி வகுப்புக்குள்ளை போவன். யன்னலெல்லாம் சாத்திப்போட்டு, பச்சை பல்ப் ஒண்டைப் போட்டு, அதுக்குக் கீழை ஒரு செத்தல் மிளகாயை வைப்பன். நல்ல சிவப்பு மிளகாய். பச்சை வெளிச்சத்திலை அது கரிக்கட்டை மாதிரிக் கிடக்கும். பிள்ளையள் "ஆ" எண்டு வாயைத் திறப்பினம். அந்த "ஆ"வைக் கேக்கத்தானே நான் இந்த உத்தியோகத்துக்கு வந்தது.

பேந்து சொல்லுவன். வெயில் எண்டு வாறது எல்லா நிறமும் கலந்துதான் வாறது. மிளகாய்த் தோலிலை இருக்கிற சாயம் அதிலை நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிப்போடும். சிவப்பு அதுக்குத் தேவையில்லை, திருப்பி விட்டிடும். தேவையில்லை எண்டு விட்டதுதான் எங்கடை கண்ணுக்கு வருகுது, அதைத்தான் நாங்கள் மிளகாயின்ரை நிறம் எண்டு சொல்லுறம். பச்சை பல்ப்புக்குக் கீழை திருப்பி விடச் சிவப்பே இல்லை, அதாலை கறுப்பு. ஏன் ஒரு பொருள் நீலத்தைப் பிடிக்குது, இன்னொண்டு சிவப்பைப் பிடிக்குது எண்டு கேட்டால், அது இலத்திரன்களின்ரை விளையாட்டு. ஒவ்வொரு பொருளுக்குள்ளையும் இலத்திரன் நிக்கிறதுக்குப் படியள் இருக்கு. ஒரு படியிலையிருந்து மற்றப் படிக்கு ஏறச் சரியான அளவு சக்தி வேணும். அந்த அளவோடை வாற ஒளியைத்தான் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். மற்றதெல்லாத்தையும் போக விடும்.

இன்னுமொண்டு செய்து காட்டுவன். திருநீற்றைத் தண்ணியிலை குழைச்சு என்ரை கையிலை மூண்டு குறி இழுப்பன். ஈரமாய் இருக்கேக்கை அது இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது. கதைச்சுக்கொண்டு நிக்க நிக்கக் காயும், காயக் காயப் பளிச்செண்டு வெள்ளையாய் வரும். தூளுக்கு இடையிலை தண்ணி நிண்டால் ஒளி வழுக்கிக்கொண்டு உள்ளை போயிடும். தண்ணி போய்க் காத்து நிண்டால் ஒவ்வொரு தூளிலையும் முட்டி மோதித் திரும்பி வரும், அதுதான் வெள்ளை. என்ரை கையிலை இதைச் செய்தால் கடைசி வாங்கிலை இருக்கிறவைக்கும் தெரியும். வெள்ளைத்தோல் ரீச்சர்மாராலை அது ஏலாது, பாவங்கள்.

ஒருக்கா ஒரு வாயாடிப் பெட்டை எழும்பிக் கேட்டாள், "ரீச்சர், அப்ப நீங்கள் ஏன் கறுப்பு?" நான் சொன்னன், "என்ரை தோலிலை மெலனின் எண்டு ஒரு சாமான் தாராளமாய் இருக்கு. அது மிளகாயைப் போல இதுதான் வேணும் அது வேண்டாம் எண்டு நிக்காது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாத்தையும் பிடிக்கும். வாற வெளிச்சத்தை நான் வைச்சுக்கொள்ளுறன். உமக்கு வைச்சுக்கொள்ளத் தெரியாது, திருப்பிக் குடுத்துப்போட்டு நிக்கிறீர். இரும்." வகுப்பு கொல்லெண்டு சிரிச்சுது. அவளும் சேந்துதான் சிரிச்சாள்.

பள்ளிக்கூடத்திலை இப்பிடி. வீட்டிலை கதை வேறை. அம்மா உரிச்ச பனங்கிழங்கு நிறம். அப்பா கடலுக்குப் போறவர், கறுப்பெண்டால் அப்பிடி ஒரு கறுப்பு. "கடல் வெயிலிலை கறுத்துப் போனார்" எண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லுவா. சும்மா கதை. சாரத்துக்குள்ளை இருக்கிற கால் பக்கமும் அதே நிறம்தான், அங்கை எந்த வெயில் போனது? நான் அப்பாவை உரிச்சு வைச்ச மாதிரி. வீட்டுக்கு வாற சனம் எங்களை மாறி மாறிப் பாத்துப்போட்டு, "தாயின்ரை நிறத்தைக் கொண்டு வந்திருக்கலாம்" எண்டு ஒரு பெருமூச்சு விடுவினம். அப்பா அதைக் கேட்டும் கேளாத மாதிரி கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார். வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. நான்தான் சொல்லுவன், வேண்டிய அளவு சொல்லுவன்.

கலியாணத்துக்குப் படம் குடுக்க வேணும் எண்டு ஸ்ருடியோவிலை எடுத்தம். ஸ்ருடியோக்காரர் வெளுக்க வைச்சுத் தந்த படத்திலை ஆரோ ஒருத்தி என்ரை சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் அதைக் கிழிச்செறிஞ்சுபோட்டு, பள்ளிக்கூட வளவிலை மத்தியான வெயிலுக்குள்ளை நிண்டு ஒரு படம் எடுப்பிச்சு அனுப்பினனான். பக்கத்துக் கடற்கரை ஊர் மாப்பிளை, சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கிற உத்தியோகம். அவர் முதல் முதல் ஃபோனிலை கதைக்கேக்கை கேட்ட கேள்வி, "படத்திலை நெத்தி மினுங்குது, எண்ணெய் வைச்சனீங்களோ?"

"இல்லை, வேர்வை" எண்டன்.

அவர் சிரிச்சார். நான் அந்தச் சிரிப்புக்குத்தான் ஓம் எண்டது.

எல்லாம் சரி வந்த பிறகுதான் மாமி வந்தா, அவரின்ரை தாய். கெட்ட மனிசி இல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு அன்பாய்த்தான் சொன்னவ, "பிள்ளை, உம்மை நாங்கள் குறை சொல்லேல்லை. ஆனால் அல்பம் கனடா, லண்டன் எல்லாம் போகும். அங்கை எங்கடை சொந்தம் முழுக்கப் பாக்கும். சாவகச்சேரியிலை ஒரு பிள்ளை இருக்கிறா, மேக்கப்பிலை படு கெட்டிக்காரி. ஆளையே மாத்திப்போடுவா."

"ஆளை மாத்திறதெண்டால் பொம்பிளையையே மாத்தியிருக்கலாமே மாமி" எண்டு நான் துவங்க, அம்மா மேசைக்குக் கீழாலை என்ரை துடையிலை ஒரு கிள்ளுக் கிள்ளினா. மாமி போன பிறகு அம்மா அழுதா. "ஒரு நாளைக்குத்தானேயடி. உன்ரை வாயாலை இது குழம்பினால் நான் உயிரோடை இருக்க மாட்டன்" எண்டா. எனக்குக் கோவம் வாறது தண்ணி பட்ட பாடு. ஆனால் அம்மா அழுதால் என்ரை கோவம் எல்லாம் காலுக்குக் கீழாலை வடிஞ்சு போயிடும். சரி, பூசட்டும் எண்டன். அப்பா முற்றத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவர். அப்பிடியே கடற்கரைப் பக்கம் நடந்து போனார்.

கலியாணத்தண்டு காலமை மண்டபத்தின்ரை பின் அறையிலை என்னை இருத்திச்சினம். மேக்கப் பிள்ளை ஒரு பெரிய பெட்டியோடை வந்தா. கண்ணாடியைச் சுத்தி மஞ்சள் பல்ப். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடிச்ச கிறீம் பூசினா, அதுக்கு மேலை பவுடர், பேந்தும் கிறீம். அந்தக் கிறீம் வேறை ஒண்டும் இல்லை, நல்லாய் அரைச்ச வெள்ளைத் தூளோடை கொஞ்சம் மஞ்சள் தூளும் சிவப்புத் தூளும். வாற ஒளி என்ரை தோலுக்கு வந்து சேர முதலே அந்தத் தூள் மறிச்சுத் திருப்பி அனுப்பிவிடும். மற்றவை என்னைப் பாக்கிறம் எண்டு நினைச்சுக்கொண்டு தூளைப் பாப்பினம்.

தடிப்பாய்ப் பூசின இடம் பரவாயில்லை. காதடி, தாடை, கழுத்தோரம் எண்டு மெல்லிசாய்ப் போன இடங்களிலைதான் வில்லங்கம். வெள்ளைத் தூள் கறுப்புக்கு மேலை மெல்லிசாய்க் கிடந்தால் நீலம் தட்டும். அடுப்புப் புகை கரிச்சுவருக்கு முன்னாலை போகேக்கை நீலமாய்த் தெரியுறதைக் கண்டிருப்பியள், அதே சங்கதிதான், சின்னத் துணிக்கையள் நீல ஒளியைத்தான் கூடச் சிதறடிக்கும். நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னன், "தங்கச்சி, ஓரமெல்லாம் சாம்பல் அடிக்கப் போகுது."

"இல்லை அக்கா, கண்ணாடியிலை பாருங்கோ, பால் மாதிரி இருக்கு."

கண்ணாடியிலை சரிதான். மஞ்சள் பல்ப்பிலை நீலம் கொஞ்சம்தான். சிதறடிக்க நீலமே இல்லாட்டில் சாம்பல் எங்கை தெரியப் போகுது? "ஒருக்கா வெளியிலை கதவடியிலை நிண்டு பாப்பம்" எண்டன். "பொம்பிளை இப்ப வெளியிலை போகக்கூடாது" எண்டு நாலு பக்கத்தாலையும் சத்தம். ஒரு முழம் சட்டைத் துணி வாங்கப் போனாலும் எங்கடை பெண்டுகள் அதைக் கடை வாசலுக்குக் கொண்டந்து, வெயிலிலை விரிச்சுப் பிடிச்சுப் பாத்துத்தான் வாங்குவினம். பொம்பிளைக்கு அந்த மரியாதை கூட இல்லை, பாருங்கோ.

கைக்கும் பூசினா. முகம் வெள்ளையாயும் கை கறுப்பாயும் இருந்தால் அல்பத்திலை பிடிபட்டுப் போகுமாம். முகத்துக்குப் போட்ட விலை கூடின கிறீம் முடிஞ்சு போச்சுதோ என்னவோ, கைக்கு வேறை ஒரு போத்திலிலையிருந்து எடுத்துப் பூசினா. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தன். அம்மாவுக்குக் குடுத்த வாக்கு.

அப்ப அப்பா வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெத்தி நிறையத் திருநீறு. கதவடியிலை நிண்டு அறையை ஒரு சுத்துப் பாத்தார். என்னையும் பாத்தார். பாத்துப்போட்டு என்னட்டையே கேட்டார், "பிள்ளை எங்கை, தங்கச்சி?"

ஆரோ சிரிச்சினம். மேக்கப் பிள்ளைக்கு அது பெரிய பட்டம் கிடைச்ச மாதிரி. "பாத்தியளே, தேப்பனுக்கே ஆளைத் தெரியேல்லை!" எண்டா. நான், "அப்பா, நான்தான்" எண்டன். அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போச்சுது. "ஓம்... ஓம். வடிவாய்த்தான் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு, சால்வையைச் சரி செய்துகொண்டு வெளியிலை போயிட்டார். எனக்கு அழவும் ஏலாது, அழுதால் கோடு விழும்.

மணவறைக்குக் கொண்டுபோய் இருத்திச்சினம். மண்டபத்துக்கு ரெண்டு பக்கமும் பெரிய யன்னல்கள், நல்ல வெயில் உள்ளை விழுந்தது. போதாக்குறைக்கு வீடியோக்காரர் ஒரு பெரிய திரை வைச்சு, மணவறையிலை நடக்கிறதை அப்பிடியே காட்டிக்கொண்டு நிண்டார். நான் ஓரக் கண்ணாலை திரையைப் பாத்தன். சொன்ன மாதிரியே கழுத்தோரம் எல்லாம் சாம்பல். சீமெந்துச் சுவருக்குப் பொட்டு வைச்சு இருத்தின மாதிரி இருந்தன். மாப்பிளையாய்ப் பக்கத்திலை இருந்த இவர் ஒருக்காத்தான் என்ரை பக்கம் திரும்பினவர். பேந்து ஐயரின்ரை பக்கம் பாத்துக்கொண்டு இருந்திட்டார்.

பிறகு தாரை வார்க்கிற நேரம் வந்தது. தெரியாதவைக்குச் சொல்லுறன். தேப்பன் மகளின்ரை கையைப் பிடிச்சு மாப்பிளையின்ரை கையிலை வைப்பார். தாய் செம்பாலை தண்ணி ஊத்துவா. அந்தத் தண்ணியோடை பிள்ளையைக் குடுத்தாச்சு எண்டு கணக்கு. தண்ணி கீழை வைச்ச தாம்பாளத்திலை விழும்.

அப்பா என்ரை கையைப் பிடிச்சார். அவரின்ரை கைக்கு மேலை என்ரை கை, புட்டுமா நிறத்திலை. கீழை இவரின்ரை கை. அம்மா செம்பைச் சரிச்சா. தண்ணி விழுந்துது. விழுந்த தண்ணி சந்தன நிறத்திலை கரைஞ்சு ஓடிச்சுது. நான் முதல் சந்தனம்தான் எண்டு நினைச்சன். சந்தனம் எங்கை, என்ரை கைதான் கரைஞ்சு ஓடுது! மற்றப் போத்தில் தண்ணிக்கு நிக்கேல்லை. வீடியோக்காரர் இந்த இடத்தை விடுவாரோ? கிட்ட வந்து, கையை மட்டும் திரை முழுக்கக் காட்டினார். சனம் முழுக்கப் பாத்துது. முதல் ஒரு குசுகுசுப்பு, பேந்து பின் வரிசையிலை ஒரு சிரிப்பு.

அம்மா செம்பை நிமித்தப் பாத்தா. "நிப்பாட்டாதேங்கோ அம்மா, ஊத்துங்கோ" எண்டு ஐயர் அதட்டினார். மந்திரம் பாதியிலை நிக்க ஏலாதல்லோ. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஊத்தினா. என்னைப் பூசச் சொல்லி அழுத அதே அம்மா, தன்ரை கையாலை ஊத்தி ஊத்திக் கழுவிவிட்டா. கடைசியிலை தண்ணி தெளிஞ்சு ஓடேக்கை, அப்பாவின்ரை கைக்கு மேலை அப்பாவின்ரை நிறத்திலை ஒரு கை கிடந்தது. எது எங்கை முடியுது எது எங்கை துவங்குது எண்டு சொல்ல ஏலாது.

அப்பா குனிஞ்சு எனக்கு மட்டும் கேக்கச் சொன்னார், "பிள்ளை, உன்ரை கை வந்திட்டுது."

அவ்வளவுதான் சொன்னவர். அந்த இடத்திலையே முடிவெடுத்திட்டன். கை வந்தது காணாது. முகமும் வர வேணும், தாலி ஏற முதல் வர வேணும். தாலி எனக்குத்தான் ஏற வேணும், தூளுக்கு இல்லை.

எங்கடை கலியாணத்திலை அதுக்கு ஒரு இடைவெளி இருக்கு. தாரை வார்த்த பிறகு கூறைச் சேலையையும் தாலியையும் தட்டத்திலை வைச்சுச் சபைக்குக் கொண்டு திரிவினம், பெரியவை தொட்டு ஆசி சொல்லுவினம். பேந்து மாப்பிளை கூறையைப் பொம்பிளையின்ரை கையிலை குடுப்பார். பொம்பிளை எழும்பிப் போய்க் கூறையைக் கட்டிக்கொண்டு திரும்பி வர வேணும், அதுக்குப் பிறகுதான் தாலி. முழு மண்டபமும் காத்துக்கொண்டு இருக்கும். அந்த நேரம் முழுக்கப் பொம்பிளையின்ரை நேரம். என்ரை நேரம்.

அறைக்குள்ளை வந்து கதவைச் சாத்தினதும், மேக்கப் பிள்ளை பெட்டியைத் திறந்து, "அக்கா, கையை நீட்டுங்கோ, கெதியாய்ப் பூசிவிடுறன்" எண்டா. நான் அவவைத் தாண்டிப் போய், தலைக்கு வைக்கக் கொண்டந்த தேங்காயெண்ணெய்ப் போத்திலை எடுத்து உள்ளங்கை நிறைய ஊத்தி முகத்திலையும் கழுத்திலையும் தேய்ச்சன். எண்ணெய்க் கிறீமை எண்ணெய்தான் இளக்கும், தண்ணிக்கு மசியாது. "ஐயோ அக்கா! ஐயோ என்ரை வேலை!" எண்டு அந்தப் பிள்ளை கத்தினா. பாவம், கெட்டிக்காரப் பிள்ளைதான். "தங்கச்சி, உம்மிலை பிழை இல்லை. உமக்குத் தந்த வேலைதான் பிழை" எண்டு சொல்லிப்போட்டுக் குழாயடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு முகம், கழுத்து, கை எல்லாம் கழுவினன். கழுவத் தண்ணி முதல் பால் மாதிரி, பேந்து மோர் மாதிரி, பேந்து தண்ணியாய்ப் போச்சுது.

துவாயாலை முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிமிர்ந்தால் மாமி நிக்கிறா. பக்கத்திலை அம்மா, பேயறைஞ்ச மாதிரி.

"என்ன பிள்ளை இது?" எண்டா மாமி.

"இது நான்தான் மாமி."

"வெளியிலை எவ்வளவு சனம் இருக்குது? பூசின முகத்தோடை போனவள் இப்பிடி வந்து நிண்டால் என்ன சொல்லுவினம்?"

"அதுகள் ஏற்கெனவே திரையிலை கையைப் பாத்துச் சிரிச்சதுகள். கையைப் பாத்ததுகள் முகத்தையும் பாக்கட்டும். எனக்கு வெக்கமில்லை மாமி. பூசிக்கொண்டு இருந்தனே, அப்பத்தான் வெக்கமாய் இருந்தது. என்ரை அப்பா என்னைப் பாத்துப் பிள்ளை எங்கை எண்டு கேட்டவர்." என்ரை குரல் உடைஞ்சுது. எனக்கு அது பிடிக்காது. அதாலை இன்னும் சத்தமாய்க் கதைச்சன். "இந்தக் கூறையை நீங்கள்தானே தெரிஞ்செடுத்தனீங்கள்? எங்கை நிண்டு பாத்தனீங்கள், கடைக்குள்ளையோ வாசலிலையோ?"

"வாசலிலைதான்" எண்டா மாமி. அதிலை அவவுக்கு ரோசம். "வெயிலிலை பிடிச்சுப் பாக்காமல் நான் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி கூட வாங்கிறேல்லை."

"அப்ப இஞ்சை வாங்கோ." கூறையை எடுத்துத் தோளிலை போட்டுக்கொண்டு யன்னலைத் திறந்தன். வெயில் நேரை என்னிலை விழுந்தது. நல்ல அரக்குச் சிவப்பு, பட்டின்ரை மினுக்கம் வேறை. சிவப்புச் சேலை வெயிலிலை வாறதிலை சிவப்பைத்தான் திருப்பி விடும். என்ரை தோலும் திருப்பி விடுற கொஞ்சத்திலை சிவப்புப் பக்கம்தான் கூட. ரெண்டும் ஒரு பக்கத்து ஆக்கள். அந்தச் சாம்பல் முகத்துக்கு எடுபட்டிருக்காத கூறை இப்ப என்னிலை அனல் மாதிரி நிண்டுது. இதெல்லாம் மாமிக்கு நான் சொல்லேல்லை. அவவுக்குத் துணியைப் பாக்கத் தெரியும், பாக்கட்டும் எண்டு விட்டன்.

மாமி பாத்தா. தோள் பக்கம், முகம், பேந்து தோள். ஒரு நெடு மூச்சு விட்டா. "உம்மடை விருப்பம். பிறகு அல்பத்தைப் பாத்துப்போட்டு என்னட்டை வந்து அழக்கூடாது" எண்டு சொல்லிப்போட்டு, கூறையின்ரை கொய்யகத்தை அவவே குனிஞ்சு மடிப்பு மடிப்பாய்ப் பிடிச்சுத் தந்தா.

சேலை கட்டி முடிய, அம்மா என்னை யன்னல் பக்கம் திருப்பினா. தன்ரை சேலைத் தலைப்பை நாக்கிலை தொட்டு ஈரமாக்கி, காதுக்குப் பின்னாலை நான் கழுவாமல் விட்ட வெள்ளையை அழுத்தித் துடைச்சா. சின்னப் பிள்ளையிலை பள்ளிக்கூடம் வெளிக்கிடுத்தேக்கை துடைக்கிற மாதிரி, நோகத் துடைச்சா. துடைச்சுப்போட்டு, "இப்ப போ" எண்டா.

வெளியிலை நாதஸ்வரக்காரர் வாசிச்சு வாசிச்சுக் களைச்சுப் போயிட்டினம். மேளத்துக்குப் பேர்போன அளவெட்டியிலையிருந்து வந்தவை, அவையளின்ரை மூச்சுக்கே சோதனை வைச்சுப்போட்டன். ஐயர் நல்ல நேரம் போகுது எண்டு கத்துறார். நான் கூறையோடை நடந்து வந்தன். பின்னலிலையிருந்து தண்ணி சொட்டுது, முகத்திலை பொட்டும் திருநீறும் மட்டும். சனம் பாத்துது. இந்த முறை ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான் தலை குனியவும் இல்லை. பொம்பிளை தலை குனிஞ்சு வர வேணுமாம், அதை வேறை நாளைக்குப் பாப்பம்.

வீடியோக்காரர் ஓடி வந்தார். முதல் இருந்த முகத்துக்கு அளந்து வைச்ச கமரா, இப்ப ஒண்டும் பிடிபடேல்லை. "அக்கா, முகம் இருட்டாய் விழுகுது, என்ன செய்ய?" எண்டார்.

"லைற்றைக் கூட்டுங்கோ தம்பி. கமராவைத் திறந்து விடுங்கோ. குறை என்னிலை இல்லை, நீங்கள் விடுற வெளிச்சம் காணாது."

ஒரு லைற்றை இந்தப் பக்கம் இழுத்து, ஏதோ திருகினார். திரையிலை நான் வந்தன். நெத்தி மினுங்கிச்சுது, தேங்காயெண்ணெய். இவர் திரையையும் பாத்து, என்னையும் பாத்து, மெல்லமாய், "இப்பத்தான் ஆள் வந்திருக்கு. இவ்வளவு நேரமும் ஆருக்குப் பக்கத்திலை இருந்தனான்?" எண்டார். கெட்டிமேளம் கொட்டத் தாலி ஏறிச்சுது. எனக்குத்தான் ஏறிச்சுது.

அந்த அல்பம் இப்பவும் மாமியின்ரை கண்ணாடி அலுமாரியிலைதான் இருக்கு. ஆரும் வந்தால் அவவே எடுத்துக் காட்டுவா. முதல் பக்கங்களை ரெண்டு ரெண்டாய்த் தட்டிக்கொண்டு போய்க் கூறை கட்டின பக்கத்திலைதான் நிப்பாட்டுவா. "நான் தெரிஞ்செடுத்த கூறை" எண்டு சொல்லுவா. சொல்லட்டும்.

அண்டைக்குத் தாலி ஏறின பிறகு அறுகரிசி போட ஒவ்வொருத்தராய் வந்தினம். காலடி, முழங்கால், தோள், தலை எண்டு அறுகம்புல்லும் அரிசியும் தூவி ஆசி சொல்லிப்போட்டுப் போவினம். அப்பாவின்ரை முறை வந்தது. அவர் கையிலை அரிசியை வைச்சுக்கொண்டு போடாமல் நிண்டார். என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார். பின்னாலை வரிசை நீண்டுகொண்டு போகுது.

"என்னப்பா பாக்கிறியள்? போடுங்கோ" எண்டன்.

"நீ பிறந்தண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நேர்ஸம்மா உன்னைக் கொண்டந்து என்ரை கையிலை தந்தவ" எண்டார் அப்பா. "தரேக்கை, 'ஐயோ, பிள்ளை தேப்பனைப் போலக் கறுப்பு' எண்டு சொன்னவ. நான் பிள்ளையைத் தாயட்டைக் குடுத்துப்போட்டு, நேரை மீன் சந்தைக்குப் போனனான். போய், என்ரை பிள்ளை என்னைப் போல, என்ரை பிள்ளை என்னைப் போல எண்டு அங்கை நிண்ட எல்லாருக்கும் சொன்னனான்."

பேந்து அரிசியைத் தலையிலை போட்டார்.